விழுந்து விழுந்து சிரித்தவர்

“இந்த சீரியலை இனிமே நம்ம அபார்ட்மெண்ட்ல போடக் கூடாது” என்றார் சூடாமணி.

கார் பார்க்கிங் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அடையாறில் உள்ள அந்த அபார்ட்மெண்டுக்கு சூடாமணிதான் செயலாளர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ரிட்டையர் ஆனவர்.

‘கதவைத் திறக்காதே’ ஓடிக்கொண்டிருந்தது. ஊரே இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்த காமெடி சீரியல். மனைவியை இழந்த ஏகாம்பரம், பேச ஆள் இல்லாமல் தினமும் ஏதாவது சாக்கு வைத்து யார் வீட்டு காலிங்பெல்லையாவது அழுத்துவார். அவர் வருவது தெரிந்ததும் அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள்.

“ஆன்ட்டி, இது வெறும் காமெடி” என்றாள் இரண்டாவது மாடி கரோல்.

“ஒரு மனுஷன் பேச்சுத் துணை தேடி அலையறது காமெடியாம்மா?”

“அவரைப் பார்த்து எங்க சிரிக்கிறோம்? ஒளியறாங்களே, அவங்களைப் பார்த்துத்தான். எங்க வீட்லயும் அதானே நடக்குது.”

“நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது. பாய், உங்களைத்தான் சொல்றேன்.”

முதல் நாற்காலியில் இருந்த ஷரீஃப் நிமிர்ந்தார். தி.நகரில் ஸ்கிரீன் துணிக் கடை வைத்திருப்பவர்.

“டிவி நீங்க குடுத்ததுதான், இல்லைங்கல. ஆனா நீங்க சிரிக்கிற சிரிப்பு நாலாவது மாடி வரைக்கும் கேக்குது.”

“சிரிப்பு வருது, சிரிக்கிறேன். இதுல இன்னா தப்பு மேடம்?”

“பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தீங்களா? டோரதி போய் ஒரு வருஷம்கூட ஆகல. விக்டர் சாரை வச்சுக்கிட்டு இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா?”

எல்லோரும் விக்டரைப் பார்த்தார்கள்.

விக்டர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி டோரதி போனபிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். அந்த நிமிஷம் வரைக்கும் சீரியல் பார்க்கிறவர்களில் ஒருவராக இருந்தார். இப்போது அவர்தான் ஏகாம்பரம். குனிந்து, சரியாகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்தார்.

ஷரீஃபின் முகம் தொங்கிவிட்டது. எழுந்து டிவியை அணைத்தார்.

நடந்ததை சூடாமணி ஃபேஸ்புக்கில் எழுதினார். ‘அடுத்தவர் தனிமை நமக்குப் பொழுதுபோக்கு இல்லை’ என்று முடித்திருந்தார். பாராட்டு குவிந்தது.

மறுநாள் சாயங்காலம் பார்க்கிங்கில் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. விக்டர் வீட்டிலேயே அந்த சீரியலைப் போட்டார். ஏகாம்பரம் வந்தார், விளக்கு அணைந்தது, டிவிக்குள்ளிருந்து யார் யாரோ சிரித்தார்கள். விக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பாதியிலேயே அணைத்துவிட்டார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு போய் சூடாமணி வீட்டு பெல்லை அழுத்தினார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, திரும்பவும் போடச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்திருந்தார்.

கதவு பாதி திறந்தது. சூடாமணியின் காதில் இயர்போன் இருந்தது.

“சார், நன்றியெல்லாம் சொல்ல வேணாம். என் கடமை அது.”

“இல்ல மேடம், நான் வந்தது…”

“ஆன்லைன்ல ஒரு கூட்டம் சார். அந்தப் பதிவைப் படிச்சுட்டு, முதியோர் தனிமை பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. இன்னொரு நாள் சாவகாசமா பேசலாமே.”

கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் விக்டர் கீழே இறங்கினார். பார்க்கிங்கில் ஷரீஃபின் மனைவி குல்சும், டிவி மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாய் இல்லையாம்மா?”

“கடையில கீறாரு சார். சீரியல் இருந்தப்ப மகன்கிட்ட கடையை வுட்டுட்டு ஓடியாருவாரு. இப்ப இன்னாத்துக்கு வரணும்?”

“பாவம், ரொம்ப ஆசையா பார்ப்பார். என்னாலதான் நின்னுபோச்சு.”

குல்சும் துணியை உதறினார்.

“ஆசையா? அந்த சீரியலைக் கண்டாலே அவருக்கு ஆகாது சார். எங்க மாமனாரு கடைசி காலத்துல அப்படித்தான், பேச ஆளு தேடி வூடு வூடா போய்க்கினு இருந்தாரு. இவரு அப்ப கடையே கதின்னு கெடந்துட்டாரு. அதை நெனச்சு இன்னிக்கும் அழுவாரு.”

விக்டருக்குப் புரியவில்லை. “பின்னே அந்தச் சிரிப்பு?”

“அவரு சத்தமா சிரிச்சாதானே, போறவங்க வர்றவங்க இன்னான்னு பார்க்க நிப்பாங்க, அப்படியே உக்காருவாங்க.”

“அதுக்கு இந்த சீரியல்தானா கிடைச்சுது?”

குல்சும் சற்றுத் தயங்கினார்.

“டோரதி அக்கா போனப்புறம் நீங்க யார்கிட்டயும் பேசறதில்ல சார். ஒருநாள் வாட்ச்மேன் செல்லுல இந்த சீரியல் ஓடிக்கினு இருந்துச்சு. நீங்க நின்னு பார்த்து லேசா சிரிச்சீங்களாம். அன்னிக்கே எங்க வூட்ல இருந்த ஒரே டிவியைக் கழட்டிக்கினு வந்து இங்க மாட்டிட்டாரு.”