மின்மினியின் கருத்து

மூளையைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய பழைய சைபர்பங்க் நாவல் அது. அதைப் பற்றி இணையத்தில் வாசகர்கள் போடும் சண்டையில் அவள் கணவனும் 'துரு' என்ற பெயரில் எழுதுவான். எழுதட்டும். ஆனால் மின்மினி என்பவளுக்கு மட்டும் தினமும் பதில் எழுதுவானேன்?

“மூளைக்கு ஒயர் போடலாம், கோபத்துக்கு எங்கே போடுவான்னு கேட்கிறா. என்னமா யோசிக்கிறா பாரு” என்று கைபேசியைக் காட்டிச் சிரித்தான்.

மனைவிக்கு வயிறு எரிந்தது. “என்கிட்ட இப்படிச் சிரிச்சுப் பேசி எத்தனை நாளாச்சு?”

“புத்தகத்தைப் பத்திதானே பேசறோம். போய் அம்மாவைச் சாப்பிடச் சொல்லு.”

“ஏன், நீங்க சொன்னா வாய் வலிக்குமா?”

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். தாயும் மகனும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷமாகிறது.

அவள் அதே தளத்தில் வேறு பெயரில் நுழைந்து மின்மினிக்கு எழுதினாள்: 'அடுத்தவ புருஷன்கிட்ட உனக்கென்ன இளிப்பு?'

அடுத்த நிமிஷமே மாமியார் கைபேசியும் கையுமாக அறையிலிருந்து வந்தார்.

“இதைப் படிம்மா. நாவலைப் பத்தி நாலு வரி எழுதினதுக்கு, எவளோ ஒருத்தி என்னைப் போய் இப்படிக் கேட்கிறா. இந்த வயசுல.”

மருமகள் தன் கைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “அத்தை, நீங்களா மின்மினி?”

“ஆமா. அங்கே துருன்னு ஒரு பையன். எவ்வளவு பணிவாப் பேசறான் தெரியுமா?” மாமியார் குளியலறைக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “அவனைப் பெத்தவ குடுத்து வச்சவ.”