நாளையிலிருந்து அசையமாட்டேன்

செவலைக் கோழிக்கு இதுதான் முதல் அடை. ஒரு முட்டைகூடப் பொரிக்காமல் போய்விடுமோ என்று கூடைக்குள் நடுங்கிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் மழை விட்டு ஈசல் கிளம்பினால் அதற்குக் கால் நிற்காது.

"எங்கடி ஓடுறே? முட்டை ஆறிடும்" என்று அதட்டியது பக்கத்துக் கூண்டு வாத்து.

"இன்னிக்கு மட்டும்க்கா. நாளையிலிருந்து அசையவே மாட்டேன், சத்தியமா."

மறுநாள் குப்பைமேட்டில் புழு. அதற்கடுத்த நாள் கொஞ்சம் வெயில் காய ஆசை. ஒவ்வொரு முறையும் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனது. திரும்பி வந்து, சில்லிட்ட முட்டைகளை அலகால் புரட்டி, தன்னையே திட்டிக்கொண்டு உட்காரும்.

பொரிக்கவேண்டிய நாள் வந்தது, போனது. எந்த ஓட்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

மறுபடி மழை விட்டது. ஈசல் கூடைக்குள்ளேயே வந்து விழுந்தது. செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எழுந்திரு கண்ணு" என்றது வாத்து மெதுவாக. "எல்லாம் கூமுட்டைடி. உள்ளே ஒண்ணுமில்லே."

செவலை இறக்கையை இன்னும் அகலமாக விரித்து முட்டைகளை மூடிக்கொண்டது.

"சத்தம் போடாதீங்கக்கா. இப்பத்தான் அசையாம இருக்கக் கத்துக்கிட்டேன்."