அவிழ்க்காத பொட்டலம்

வெள்ளைத் துணியில் ஒரு கறை. பொட்டு அளவுதான்.

சிவப்பு என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது.

பாத்ரூம் விளக்கில் பார்த்தாள். நம்பாமல் ஜன்னல் வெளிச்சத்திலும் பார்த்தாள்.

தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

கரு ஒட்டும்போதும் இப்படி லேசாகக் கசியுமாம். மாதவிலக்கும் சில பேருக்கு இப்படித்தான் தொடங்குமாம். போனில் தேடினால் ஒருத்தர் அப்படி என்கிறார், இன்னொருத்தர் இப்படி என்கிறார். கடைசியில் எல்லோரும் டாக்டரைப் பாருங்கள் என்று கழன்றுகொள்கிறார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். மாசாமாசம் ஏமாந்தவளுக்கு ஆசைப்படுவதற்கே பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழம. சாயங்காலம் நீ விளக்கேத்தும்மா" என்று அத்தை அடுப்படியிலிருந்து சொன்னாள்.

இந்த வீட்டில் அந்த மூன்று நாள் பூஜையறைக்குள் போகக் கூடாது. யார் விளக்கேற்றவில்லை என்பதைப் பார்த்தே மருமகள்களின் தேதியை ஆம்பளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு பகிரங்கமான ரகசியம்.

ஏற்றலாமா, கூடாதா?

கேட்க ஒருத்திதான் இருந்தாள். கொழுந்தன் மனைவி வினோதினி. அவளுக்கும் இன்னும் குழந்தை இல்லை.

மாசியில் ஒருநாள் வினோதினி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இவள் அறை வாசலில் வந்து நின்றாள். தூரமாகிவிட்டேன் அக்கா, கையில் ஒன்றும் இல்லை என்றாள். இவள் தன்னிடம் இருந்த நாப்கின்களைப் பழைய பேப்பரில் சுற்றி, பூக்கட்டும் நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

மறைப்பானேன், கொடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவளுக்கும் இல்லை.

அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டே மூன்று நாளும் அவளைத் தாங்கினாள். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. கிரைண்டர் கல்லையும் தானே தூக்கிக் கழுவினாள்.

இப்போது பங்குனி.

வினோதினி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவள் கிட்டே போய்க் காதோடு சொன்னாள். என்ன நிறம், எவ்வளவு, எல்லாம்.

வினோதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வயிறு பிசையலல்ல? அப்ப அதாத்தான்க்கா இருக்கும்! எனக்கும் தை மாசம் இப்படித்தான் ஒரு சொட்டு பட்டுச்சு, மறுநாளே நின்னுபோச்சு. அதோட நாளே வரல..."

நிறுத்தினாள்.

கையிலிருந்த ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தையோடு நின்றுவிட்டதென்றால், மாசியில் வாங்கிப்போன பொட்டலம்?

"அத்தைதான்க்கா சொல்ல வேணாம்னாங்க. மூணு மாசம் முடியட்டும், கண்ணு பட்டுரும்னாங்க. மாமாவும் சரின்னாரு."

கண். அந்த வீட்டில் யார் கண் என்று வினோதினி சொல்லவில்லை.

மாமா என்றால் இவள் புருஷன். போன வாரம்கூட, நமக்கு மட்டுமா, வினோதினிக்கும்தான் இல்லை என்று தலையைத் தடவிக்கொடுத்தானே, அவன்தான்.

இவளை மட்டும் விட்டுவிட்டு வீடே கூடிப் பேசியிருக்கிறது. களி கிண்டியபோது அத்தை பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வை என்றுகூடச் சொன்னாள்.

அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு வருஷமாக இவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட கை இது. இந்தக் கைக்காரியின் கண்ணுக்குத்தான் பயந்திருக்கிறார்கள்.

"நல்லா இரு" என்றாள். அதை மனசாரத்தான் சொன்னாள். படியிறங்கி வந்துவிட்டாள்.

மத்தியானம் துணியைப் பார்த்தாள். கறை இல்லை.

சாயங்காலம் பார்த்தாள். இல்லை.

சந்தோஷம் நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று யோசித்தபடி கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். புருஷன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பூஜையறை வாசல் வரை போனவள் அங்கேயே நின்றாள்.

"நீங்க ஏத்துங்க அத்தை. நான் தூரம்."

அத்தை உச்சுக்கொட்டினாள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

இவள் திரும்பிப் பார்த்தாள்.

"வினோ, உங்கிட்ட நாப்கின் இருக்கா? எங்கிட்ட தீந்துபோச்சு."

வினோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் தான் சொன்னது பொய்த்துப்போனதே என்று நினைத்திருப்பாள். உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினாள்.

அதே பழைய பேப்பர். அதே பூக்கட்டும் நூல். இவள் போட்ட முடிச்சு.

வாங்கிக்கொண்டாள்.

கூடவே வந்த புருஷன் அறை வாசலில் நின்று, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான். இவள் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

துணியை இன்னொரு தடவை பார்த்தாள். வெள்ளை.

பொட்டலத்தை அவிழ்க்காமல் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

மூன்று மாசம் முடியட்டும்.