தள்ளி வைத்த வாய்

வாய்க்கட்டியை அறுத்தெடுத்த பிறகு பேச்சு திரும்பியதும், வேடியப்பன் முதலில் மகளைத்தான் விரட்டினார்.

“கஞ்சிய எடுத்துக்கினு போ. மாடு துன்ற வூட்டுல வாழ்றவ கையால நான் குடிக்க மாட்டேன்.”

மலையடிவாரத்து லாசரைக் கட்டிக்கொண்ட மகள் செந்தாமரையை ஊரை விட்டுத் தள்ளி வைத்ததும் மலையூரின் தலைவர், ஊர்க்கவுண்டரான அவர்தான். இப்போது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது அவள் மட்டும்தான்.

டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். “புண்ணு மேல வெச்சுத் தெச்ச கொலாஜன் தாள் நல்லா ஒட்டிக்கிச்சு, பெரியவரே. இனிமே அது உங்க சதைதான்.”

வேடியப்பன் கும்பிட்டார். “கண்டதத் துன்னாம சுத்தமா வெச்சிருந்த வாயிங்க. அதான் ஆறிடுச்சு.” பிறகு மகளை முறைத்தார். “இன்னும் இன்னா நிக்கற?”

செந்தாமரை கஞ்சிச் சொம்பைக் கையில் எடுத்தாள்.

“போறேம்ப்பா. மலைக்குப் போனதும் மொதல்ல உன்னையே தள்ளி வெச்சிக்கோ. அந்தத் தாள மாட்டுத் தோல்லருந்துதான் செய்றாங்களாம். வெக்கலாமான்னு டாக்டர் கேட்டாரு. எங்கப்பா வலி தாங்க மாட்டாருன்னு நாந்தான் வெக்கச் சொன்னேன்.”