நீலச் சிலிண்டர்

ஒண்டிக்கடை வளைவில் வட்ட வழங்கல் அலுவலக ஜீப் வந்து நின்றதும், அத்தாயியின் கை இட்லித் தட்டிலேயே நின்றுவிட்டது.

அடுப்புக்குக் கீழே இருப்பது வீட்டுக்குக் கொடுத்த சிவப்புச் சிலிண்டர். அதைக் கடையில் வைத்து எரிக்கக் கூடாது.

கடைகளுக்கென்று விற்கும் நீலச் சிலிண்டரைத்தான் அவளும் போன வருடம் வரை வாங்கினாள். அதன் விலை ஏறிக்கொண்டே போனது. சேலத்திலிருந்து மலைக்கு ஏற்றிவரும் கூலியும் ஏறியது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களோ அதே ஏழு ரூபாய் இட்லியைத்தான் கேட்டு வந்தார்கள்.

பிடிபட்டால் சிலிண்டர் போகும். அபராதம் வரும். கடையையே மூடச் சொன்னாலும் சொல்வார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய இருவர் வரிசையின் முதல் கடைக்குள் நுழைந்தார்கள். அவளுடையது நான்காவது.

ஒளித்து வைக்கக் கடையில் இடமில்லை. வெளியே தூக்கிப் போக அவளால் முடியாது. வாசலுக்கு ஒருமுறை போனாள். அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள்.

அதிகாரிகள் இரண்டாவது கடைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

பின்கதவு படாரென்று திறந்தது.

பக்கத்து இட்லிக் கடை சித்தன். தோளில் நீலச் சிலிண்டர்.

அவன் அவளோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. அவன் கடையில் இட்லி பத்து ரூபாய். அங்கே சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக இவள் கடைக்கு மாற மாற, எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

"நகருங்க்கா."

அடுப்பை அணைத்தான். சிவப்பைக் கழற்றினான். தன்னுடையதை ரெகுலேட்டரோடு வைத்து இணைத்தான். ட்யூப் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொருகினான்.

சிவப்பைத் தூக்கிக்கொண்டு, பின்னால் சரிவில் இருந்த காபிச் செடிகளுக்குள் இறங்கினான்.

அத்தாயி தீக்குச்சியை உரசினாள். மூன்றாவது குச்சியில்தான் அடுப்பு பற்றியது.

அதிகாரிகளில் ஒருவர் உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். நீலச் சிலிண்டரை விரல்முட்டியால் தட்டினார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க கடை மேலதாம்மா புகார் வந்துச்சு."

அவள் இட்லித் தட்டுகளை எடுத்துப் பானைக்குள் இறக்கினாள்.

அவர் வெளியே போனார். அடுத்தது சித்தனின் கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்து நின்றுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சத்தம் அடங்கும்வரை அத்தாயி அசையவில்லை. பிறகுதான் பின்வாசலுக்குப் போனாள். சித்தன் படியில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை சேறு.

"நீ நல்லா இருக்கோணும் சாமி." அவன் தோளில் கை வைத்தாள். "எந்தப் பாவி போய்ச் சொன்னான்னுதான் தெரியலை."

அவன் நிமிரவில்லை.

"நான்தானுங்க்கா," என்றான். "நேத்து போன் போட்டுச் சொல்லீட்டேன். இன்னைக்கு ஜீப்பப் பாத்ததும் மனசு கேக்கலீங்க."

அவள் கை அவன் தோளிலிருந்து இறங்கியது.

உள்ளே போகத் திரும்பினாள். போகவில்லை. அதே படியில், கொஞ்சம் தள்ளி, அவளும் உட்கார்ந்தாள்.

கடை வாசலிலிருந்து யாரோ நாலு இட்லி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். இருவருமே எழுந்திருக்கவில்லை.