நாரையின் குரல்

பிரஸ்ஸல்ஸ் சித்திரக்கதைக் கடையில் மழைக்கோட்டுகள் சொட்டச் சொட்ட வாசகர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாரைக் கதைகளை வரையும் ஓவியர் கிஸ்லேன் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ட்ராம் ஓட்டும் நாரையை வரைந்து தருகிறார். அலகு, தொப்பி, அலகருகே வெற்றுப் பேச்சுக்குமிழி. மை காய்வதற்குள் புத்தகத்தை இடப்பக்கம் தள்ளிவிடுகிறார். குமிழிக்குள் எழுதுவது எப்போதும் அவர் மனைவி கோதலீவ்தான். அவளை நவம்பரில் புதைத்தாயிற்று. இடப்பக்கம் காலியாக இருக்கும் அவளுடைய நாற்காலியின் முதுகில் யாரோ ஈரக் குடையை மாட்டியிருக்கிறார்கள். "என்ன சார், நாரை வாயே திறக்கலையே?" என்கிறார் ஒரு தாடிக்காரர். கடைக்காரி மிரெய்ல் குனிந்து, "நீங்களே ஏதாவது எழுதிக் குடுத்துடுங்க, கிஸ்லேன்" என்று கிசுகிசுக்கிறாள். அவர் புத்தகத்தை இழுத்து, நாரை வழக்கமாகச் சொல்வதையே எழுதுகிறார்: ஏறுங்க, இடமிருக்கு. எழுத்துகள் கோதலீவின் கையெழுத்துப்போல் இல்லாமல் ஒல்லியாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. தாடிக்காரர் பக்கத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறார். "இது நம்ம நாரை பேசுற மாதிரியே இல்லையே! தொண்டை கட்டிக்கிச்சா?" மிரெய்ல் தரையைப் பார்க்கிறாள். "ஆமா, கட்டிக்கிச்சு" என்கிறார் கிஸ்லேன், மணி கேட்ட யாருக்கோ நேரம் சொல்வதுபோல. அடுத்த புத்தகம் வருகிறது. அலகு, தொப்பி, குமிழி. கை அதையும் இடப்பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறது.