பத்து என்றொரு எல்லை

"டிரைவர் மாமா, வண்டி குலுங்கினா அப்பாவுக்கு வலிக்குமா?"

ஏழு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. அப்பா பின்னால் படுத்திருந்தார். அவள் முன்சீட்டில், கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டீயரிங் பிடித்திருந்தவர் சிரிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. "வலிக்காம ஓட்டறேன் பாப்பா, நீயே பாரு" என்றார். அதன்பிறகு தளும்பத் தளும்பப் பால் நிறைந்த பாத்திரத்தை ஏந்தி நடப்பவர்போல, ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் சக்கரமாக இறக்கி ஏற்றி ஓட்டினார்.

முப்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது அவளுக்கு வேலை, வண்டிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில். பல கம்பெனிகளின் இருநூறு வண்டிகள் அவள் திரையில் பச்சைப் புள்ளிகளாக, குளத்து மீன்கள் மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எல்லை வைப்பவள் அவள்தான். ஐஸ்கிரீம் வண்டியில் குளிர் குறைந்தால் மணி அடிக்கும். பள்ளிப் பேருந்து நாற்பதைத் தாண்டினால் அடிக்கும். அதிர்வுக்கும் ஓர் எல்லை உண்டு; மீறினால் டிரைவரின் காதருகே பஸ்ஸர் கத்தும். அதனால் டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பஸ்ஸர் அக்கா.

அன்று மதியம் மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முட்டை லாரிக்கே அதிர்வு நாற்பதுதான் வச்சிருக்கோம். ஒன்பதாம் வண்டிக்கு மட்டும் பத்தா? நேத்து வரைக்கும் அறுபது இருந்துச்சே?"

"காலையில நான்தான் மாத்தினேன் சார்."

பயணப் பட்டியலில் தெரிந்த ஒரு பெயரைப் படித்ததும் அவள் செய்த முதல் வேலை அது.

"அந்த டிரைவர் எனக்கே போன் பண்ணிட்டார். எறும்பு மேல ஏறினாக்கூடக் கத்துதாம். ஒன்பதுல போறவங்க யாராவது இதுவரைக்கும் குலுக்குதுன்னு புகார் சொல்லியிருக்காங்களா?"

"இல்ல சார். சொல்ல மாட்டாங்க."

"அப்புறம் என்னம்மா? பழையபடி மாத்திடுங்க."

எதற்கும் எதிர்த்துப் பேசாதவள் அவள். ஆனால் இந்த ஒரு பயணம் குலுங்கிவிட்டால் இன்னொன்று கிடைக்காது என்று நினைத்ததும் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இந்த ஒரு ட்ரிப் மட்டும் சார். முடிஞ்சதும் மாத்திடறேன்."

அவள் முகத்தில் என்ன கண்டாரோ, சாப்பிட்டு வருவதற்குள் மாற்றியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏற்றவேண்டியவரை ஏற்றிக்கொண்டு ஒன்பதாம் வண்டி கிளம்பியது. பாலத்துச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவள் டிரைவரைக் கூப்பிட்டு ஏரியோரமாகச் சுற்றிப் போகச் சொன்னாள். இதற்கு இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று அவன் முணுமுணுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. மடியில கைக்குழந்தை இருக்குன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டுங்க."

"எனக்கும் ஒண்ணு இருக்குக்கா. மூணு மாசம்" என்றான்.

அதற்குப் பிறகு பஸ்ஸர் கத்தவில்லை. ஏரியோரம் பச்சைப் புள்ளி, நீரில் மிதக்கும் இலைபோல நகர்ந்தது. ஜன்னல் திரை காற்றில் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழ்ந்தது. எந்தப் பள்ளமும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று கடவுளிடம் கேட்டபடி, அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அறையே மெல்ல மிதந்து அந்த வண்டியோடு போவதுபோல் இருந்தது.

புள்ளி நின்றது. எஞ்சின் அணைந்ததாகத் திரை காட்டியது.

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் எழுந்து நின்று கைகூப்பினாள். பிறகு பத்தை அழித்துவிட்டு அறுபது என்று பதிந்தாள்.

ஒன்பதாம் வண்டி நின்ற இடம், மயானத்தின் வாசல். அன்று இதேபோன்றதோர் அமரர் ஊர்தியில், உயிர் பிரிந்த அவள் அப்பாவை வலிக்காமல் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் மாமா, இன்று இதற்குள் படுத்திருந்தார்.